ஆபத்தான அட்டாச்மென்ட்டை ஊழியர்கள் கண்டுபிடிக்க: வருடாந்திர வகுப்பா, போலி மெயில் சோதனையா, பிரிவு வாரியாக உட்கார்ந்து பேசுவதா?

பக்கத்து கம்பெனியில் யாரோ ஒரு இன்வாய்ஸைத் திறந்து, சர்வர் முழுக்க லாக் ஆகிவிட்டது என்று செய்தி வரும். அடுத்த நாளே நம் கம்பெனியில் "எல்லாருக்கும் ஒரு டிரெயினிங் போட்டுடலாம்" என்று பேச்சு ஆரம்பிக்கும். சரி, போடலாம். ஆனால் இந்தப் பெயரில் விற்கப்படும் மூன்று நான்கு விஷயங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. செலவு வேறு, பலன் வேறு, ஊழியர்கள் மத்தியில் கிளம்பும் கோபமும் வேறு. ஐம்பது முதல் நூறு பேர் கம்ப்யூட்டரில் உட்காரும் ஒரு திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அங்கே தனியாக செக்யூரிட்டி டீம் எல்லாம் கிடையாது, சிஸ்டம் பார்க்க ஒருவரோ இருவரோ இருப்பார்கள், அவர்களே பிரிண்டருக்கு டோனரும் மாற்றுவார்கள். பெரிய வங்கி, ஐ.டி. நிறுவனம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: வருடத்துக்கு ஒரு முறை வகுப்பு, அல்லது நாற்பது நிமிட வீடியோ, கடைசியில் பத்து கேள்வி, ஒரு சான்றிதழ். மலிவு, சுலபம். வெளிநாட்டு வாடிக்கையாளரோ ஆடிட்டரோ "உங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி உண்டா" என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும். அதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவில் யூ.சி. சான் டியகோ ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தில் 19,500-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து எட்டு மாதம் ஓர் ஆய்வு நடந்தது, 2025-ல் வெளியானது. வருடாந்திரப் பயிற்சியைச் சமீபத்தில் முடித்தவர்களும் முடித்து வெகுநாள் ஆனவர்களும் போலி மெயிலில் ஏமாறுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை. போன மாதம் வகுப்பில் உட்கார்ந்தவரும் போன வருடம் உட்கார்ந்தவரும் ஒன்றுதான்.

இந்த வீடியோக்களில் எனக்கு இன்னொரு கடுப்பும் உண்டு. அவை பெரும்பாலும் வேறு நாட்டு அலுவலகத்துக்காக எழுதப்பட்டவை. "ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள்" என்பார்கள். நம் நூல் சப்ளையர் அனுப்பும் நிஜ மெயிலில் பிழை இல்லாத வரி எத்தனை இருக்கும்? இப்போது ஏ.ஐ. வைத்து எழுதுவதால் திருடனின் மெயில்தான் பிழையே இல்லாமல் வருகிறது. "பாஸ்வேர்டு போட்ட ஃபைல் என்றால் ஆபத்து" என்றும் சொல்வார்கள். நம் ஊரில் பேங்க் ஸ்டேட்மென்ட், மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு, சில கம்பெனிகளில் பே ஸ்லிப் வரை பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் ஆகத்தான் வருகிறது, பான் நம்பரையோ பிறந்த தேதியையோ அடித்துத் திறப்பது இங்கே எல்லோருக்கும் கைப்பழக்கம். அந்த விதியை அப்படியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பாமல் இருப்பதுதான் நியாயமும்கூட. இங்கே சொல்ல வேண்டியது வேறு: ஜிப் ஃபைலும் அதைத் திறக்கும் பாஸ்வேர்டும் ஒரே மெயிலில் வந்தால் கையை எடுத்துவிடு. பூட்டிய ஜிப்புக்குள் மெயில் சர்வரின் வைரஸ் ஸ்கேனரால் பெரும்பாலும் எட்டிப் பார்க்க முடியாது, அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அனுப்புகிறவன் பூட்டுகிறான்.

இரண்டாவது வழி இப்போது அதிகம் விற்கப்படுவது. கம்பெனியே தன் ஊழியர்களுக்குப் போலி மெயில் அனுப்பி, யார் அட்டாச்மென்ட்டைத் திறக்கிறார்கள், யார் லிங்க்கைத் தட்டுகிறார்கள் என்று பார்ப்பது. ஏமாந்தவருக்கு உடனே "மாட்டிக்கொண்டீர்கள், இதோ பாடம்" என்று ஒரு பக்கம் திறக்கும். தலைக்கு இவ்வளவு என்று வருடச் சந்தா கட்டும் சேவைகள் நிறைய இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் உயர் ரகத் திட்டங்களில் இது கூடவே வருகிறது. கோஃபிஷ் என்று இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளும் உண்டு, நிறுவிப் பராமரிக்கக் கொஞ்சம் விவரம் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன அதே ஆய்வில் பத்து போலி மெயில்கள் அனுப்பினார்கள். பாடம் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏமாந்த விகிதத்தில் சராசரி வித்தியாசம் 1.7 சதவீதம். காரணத்தை ஊகிக்க வேண்டியதே இல்லை, முக்கால்வாசி நேரம் அந்தப் பாடப் பக்கத்தில் ஒரு நிமிடம்கூட யாரும் தங்கவில்லை. அதைவிட முக்கியமான தகவல் ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது: அவுட்லுக் பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன போலி மெயிலில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் விழுந்தார்கள். விடுமுறை விதிகள் மாறிவிட்டன என்று வந்ததில் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான், தூண்டில் மட்டும் மாறியது. இதைத் தெரிந்துகொண்டு சந்தா விற்க வருபவர் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். "முதல் மாதம் முப்பது சதவீதம், ஆறாம் மாதம் மூன்று சதவீதம்" என்று காட்டினால், ஆறாம் மாதம் அனுப்பிய மெயில் எவ்வளவு சுலபமானது என்று கேளுங்கள். எவ்வளவு கஷ்டமான மெயில் என்பதை மதிப்பிட அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020-ல் ஓர் அளவுகோலே வெளியிட்டது, அதன் தேவை இதனால்தான்.

சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிச் ஆய்வாளர்கள் ஒரு கம்பெனியின் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களோடு 15 மாதம் இதையே செய்து பார்த்தார்கள். ஏமாந்தவுடன் பாடப் பக்கம் காட்டுவது ஊழியர்களைத் தேற்றவில்லை, சிலரை இன்னும் அசட்டையாக்கியதாகவே தெரிந்தது. கம்பெனி பார்த்துக்கொள்கிறது என்ற நினைப்பு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதே ஆய்வில் உருப்படியாக வேலை செய்தது ஒன்று உண்டு. சந்தேக மெயிலைத் தட்டி அனுப்ப ஒரு பட்டன் கொடுத்தார்கள், ஊழியர்கள் அதை மாதக்கணக்கில் சலிக்காமல் பயன்படுத்தினார்கள், புதுப் போலி மெயில் வந்த சில நிமிடங்களிலேயே யாராவது ஒருவர் தகவல் கொடுத்தார். இதுதான் எனக்கு இந்த விஷயத்தில் தீர்ப்பு சொன்ன ஆய்வு.

போலி மெயில் சோதனையின் இன்னொரு செலவு ரசீதில் வராது. 2020 டிசம்பரில், கொரோனா காலத்தில், இணையதளப் பெயர்களை விற்கும் கோடாடி நிறுவனம் தன் ஊழியர்களுக்கு 650 டாலர் பண்டிகை போனஸ் என்று மெயில் அனுப்பியது. ஆசையாக விவரம் நிரப்பியவர்களுக்குப் பிறகு வந்தது போனஸ் இல்லை, "நீங்கள் சோதனையில் தோற்றுவிட்டீர்கள், மறுபடி பயிற்சிக்கு வாருங்கள்" என்ற தகவல். ஊரெல்லாம் திட்டியபின் மன்னிப்புக் கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் யூ.சி. சான்டா குரூஸ் பல்கலைக்கழகம் வளாகத்தில் ஒருவருக்கு எபோலா என்று போலி மெயில் விட்டுவிட்டு அதற்கும் மன்னிப்புக் கேட்டது. தீபாவளி போனஸ் நேரத்தில் நம் ஊரில் ஒருவர் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் யார் விழுந்தார் என்பது டீ நேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அந்த ஆள் நிஜமாக ஏதாவது ஒன்றைத் திறந்துவிட்டால் வாயைத் திறப்பாரா?

வாயைத் திறப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அயர்லாந்தின் அரசு மருத்துவ சேவை ஓர் உதாரணம். 2021 மார்ச் 16 அன்று ஓர் ஊழியருக்கு மெயில் வந்தது, 18-ஆம் தேதி அதிலிருந்த எக்செல் ஃபைலைத் திறந்தார். நாடு முழுக்க மருத்துவமனைக் கணினிகள் முடங்கியது மே 14-ல். நடுவில் எட்டு வாரம்! மார்ச் 31 அன்றே அந்தக் கணினியின் ஆன்ட்டிவைரஸ் ஏதோ தப்பாக நடக்கிறது என்று பதிவு செய்திருந்தது, ஆனால் அது வெறுமனே வேடிக்கை பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்ததால் தடுக்கவில்லை. ஒரு ஃபைலைத் திறந்த அந்த நொடியோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, பெரும்பாலும் பல நாள் அவகாசம் இருக்கிறது. திறந்தவர் அன்றைக்கே "ஒண்ணு திறந்துட்டேன், என்னவோ சரியா இல்லை" என்று சொல்லக்கூடிய இடத்தில் அது ஒரு கணினியை ஃபார்மேட் செய்யும் வேலை, அவ்வளவுதான்.

மூன்றாவது வழிக்கு விளம்பரம் கிடையாது, ஏனென்றால் அதை விற்று யாரும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. சிஸ்டம் பார்ப்பவர் ஒவ்வொரு பிரிவிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்தப் பிரிவுக்கு நிஜமாக வரும் மெயில்களைத் திரையில் திறந்து வைத்துப் பேசுவது. என் ஓட்டு இதற்குத்தான், காரணம் ஒவ்வொரு பிரிவுக்கும் வருகிற ஆபத்து வேறு வேறு.

பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வேலையே வெளிநாட்டு பையரிடமிருந்து வரும் டெக் பேக்கை (துணியின் டிசைன், அளவு விவரங்கள் அடங்கிய ஃபைல்கள்) திறப்பது, அது ஜிப்பாகத்தான் வரும். "தெரியாதவர் அனுப்பிய ஃபைலைத் திறக்காதே" என்று அவரிடம் சொல்வது வேலை செய்யாதே என்று சொல்வதற்குச் சமம். அவருக்குச் சொல்ல வேண்டியது: ஜிப்பை விரித்தபின் உள்ளே இருப்பது பிடிஎஃப், படம், எக்செல் தானா, அல்லது இஎக்ஸ்இ, ஜேஎஸ், விபிஎஸ், எல்என்கே, ஐஎஸ்ஓ என்று முடியும், திறந்தால் கணினியில் எதையாவது ஓடவிடக்கூடிய ஏதாவதா என்று பார். இதைப் பார்க்க விண்டோஸில் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதி தெரிய வேண்டும், அதை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைக்கிறது. 2000-ம் ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றிய ஐ லவ் யூ வைரஸ் இந்த ஓட்டையில்தான் புகுந்தது. சாதாரண எழுத்து ஃபைலைக் குறிக்கும் டிஎக்ஸ்டி என்று தெரியும் பெயருக்குப் பின்னால் விபிஎஸ் மறைந்திருந்தது. கால் நூற்றாண்டு ஆகியும் அந்த செட்டிங்கை நாமேதான் மாற்ற வேண்டியிருக்கிறது. பயிற்சி நடக்கும் அந்த அரை மணி நேரத்திலேயே எல்லார் கணினியிலும் மாற்றிவிடுங்கள்.

அவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய மெயில் உரையாடலுக்குப் பதிலாகவே வந்தாலும் நம்பிவிட முடியாது. எமோடெட் என்ற மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) கும்பல் ஒருவர் மெயில் பெட்டியைத் திருடி, அதிலிருந்த நிஜ உரையாடல்களுக்கு நடுவில் பதில் அனுப்புவது போல அட்டாச்மென்ட் சேர்த்து அனுப்பியது. 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதை முடக்கியது, அந்த வருட நவம்பரிலேயே திரும்பி வந்துவிட்டது. உரையாடல் நிஜம், அனுப்பியவர் பெயர் நிஜம், கீழே நீங்கள் எழுதிய வரிகளும் நிஜம். இதை எந்தக் கண்ணும் சுலபமாகக் கண்டுபிடிக்காது. எதிர்பாராத ஃபைல் என்றால், ஏற்கெனவே கையில் இருக்கும் நம்பருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டுக் கேட்பது ஒன்றுதான் வழி.

பர்சேஸ் பிரிவுக்கு வருவது கொட்டேஷனும் பி.ஓ.வும் (பர்சேஸ் ஆர்டர்). ஏஜென்ட் டெஸ்லா போன்ற, பாஸ்வேர்டுகளைச் சுரண்டி அனுப்பும் மால்வேர்கள் பல வருடங்களாக இந்த வேடத்தில்தான் சுற்றுகின்றன, பெரும்பாலும் ஆர்ஏஆர், ஜிஇசட் (இரண்டும் ஜிப் மாதிரி சுருக்கியவை), ஐஎம்ஜி (படம் இல்லை, ஒரு டிஸ்க்கின் நகல்) போன்ற வடிவங்களில். கொட்டேஷன் எதற்கு ஐஎம்ஜி ஃபைலாக வர வேண்டும்? இந்த ஒரு கேள்வி மண்டையில் ஏறினால் பாதி வேலை முடிந்தது.

அக்கவுன்ட்ஸுக்கு வருமான வரி நோட்டீஸ், ஜி.எஸ்.டி. நோட்டீஸ் என்று வரும். பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும், அதனால்தான் திறக்கிறார்கள். இங்கே விதி ரொம்ப எளிது: மெயிலில் இருப்பதைத் தொடாதே, போர்ட்டலுக்கு நீயே போய் லாகின் செய்து பார், நிஜ நோட்டீஸ் என்றால் அங்கே இருக்கும். ஆடிட்டருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பது தீர்வு இல்லை, அவர் ஆபீஸுக்கும் சேர்த்து அனுப்பியதாகிவிடும்.

எச்.ஆர். நிலைமைதான் பரிதாபம். முகம் தெரியாதவர்கள் அனுப்பும் பயோடேட்டாவைத் திறப்பதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளமே. வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 2016 பிப்ரவரியில் 8.1 கோடி டாலர் திருடப்பட்டதே, அதன் தொடக்கம் 2015-ல் அந்த வங்கி ஊழியர்களுக்கு வேலை கேட்டு வந்த மெயில்கள் என்று அமெரிக்க விசாரணை சொல்கிறது. (இலங்கைக்கு அனுப்பிய இன்னொரு 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததால் மாட்டி நின்றது. எழுத்துப்பிழை பார்ப்பது ஒரே ஒரு தடவை உதவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.) எச்.ஆருக்குப் பயிற்சியைவிட வழிமுறையை மாற்றுவது நல்லது: பயோடேட்டாவை பிடிஎஃப் மட்டும் ஏற்கும் ஒரு ஃபார்ம் வழியாக வாங்குங்கள், வந்ததை டவுன்லோட் செய்யாமல் பிரவுசரிலேயே முன்னோட்டமாகப் பாருங்கள்.

இந்த உட்கார்ந்து பேசும் வழிக்கும் குறை உண்டு. பேசுகிறவருக்குப் பேசத் தெரிய வேண்டும். சிஸ்டம் பார்ப்பவர் எரிந்து விழும் ரகம் என்றால் வேண்டாம், பிரிவுத் தலைவரைப் பேசச் சொல்லி அவர் பக்கத்தில் இருக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யாரும் சொல்ல மறந்துவிடுவார்கள், ஆள் மாற்றம் அதிகமுள்ள இடத்தில் இது பெரிய ஓட்டை. ஆடிட்டுக்குக் காட்டக் காகிதம் வேண்டுமென்றால் கையெழுத்துத் தாள் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். மெயிலோடு நிறுத்திவிடவும் முடியாது. பாதி பில் இப்போது வாட்ஸ்அப் வெப்பில்தான் வருகிறது, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் ஃபைல்) வந்து போனையே எடுத்துக்கொள்ளும் மோசடியும் அதே வழியில்தான்.

இதையெல்லாம் ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத ஃபைல்கள் இருக்கின்றன. பாதுகாப்பே தொழிலாக இருந்த ஆர்.எஸ்.ஏ. நிறுவனத்துக்குள் 2011-ல் நுழைந்தது ஆள் சேர்ப்புத் திட்டம் என்று பெயரிட்ட ஒரு சாதாரண எக்செல் ஃபைல். மெயில் ஃபில்டர் அதை ஜங்க் பெட்டியில் போட்டிருந்தது, ஓர் ஊழியர் அங்கிருந்து எடுத்துத் திறந்தார். அடோபியின் ஃப்ளாஷ் மென்பொருளில் அப்போது வெளியே தெரியாதிருந்த ஓர் ஓட்டையை அது பயன்படுத்தியது. எந்த வகுப்பு எடுத்திருந்தாலும் அந்த ஃபைலின் முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் ஆட்களைப் பழக்குவதற்கு முன்னால் அவர்கள் கண்ணில் படும் குப்பையைக் குறைப்பது முதல் வேலை, அதற்குப் பெரும்பாலும் காசே ஆகாது. ஜிமெயில் ஏற்கெனவே இஎக்ஸ்இ, ஜேஎஸ் போன்றவற்றை ஏற்பதில்லை. ஐஎஸ்ஓ, ஐஎம்ஜி, எல்என்கே, ஒன்நோட் (மைக்ரோசாஃப்ட்டின் குறிப்பேடு ஃபைல்) எதுவும் உங்கள் தொழிலுக்குத் தேவையில்லை என்றால் மெயில் நிர்வாகத்தில் மொத்தமாகத் தடுத்துவிடுங்கள். இணையத்திலிருந்து வரும் ஆபீஸ் ஃபைல்களின் மேக்ரோவை (ஃபைலுக்குள் பதுங்கி ஓடும் சிறு புரோகிராம்) 2022-ல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்க ஆரம்பித்தது, திருடர்கள் ஐஎஸ்ஓவுக்கும் எல்என்கேவுக்கும் ஒன்நோட்டுக்கும் தாவியது அதற்கப்புறம்தான். பழைய ஆபீஸ் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடையும் இருக்காது, முதலில் அதைப் பாருங்கள். ஜேஎஸ், விபிஎஸ் ஃபைல்களை இரண்டு தடவை தட்டினால் ஓடாமல் நோட்பேடில் வெறும் எழுத்தாகத் திறக்கும்படி மாற்றி வைப்பது பழைய தந்திரம், இன்றும் நன்றாக வேலை செய்கிறது.

சந்தேக ஃபைலை, பல ஆன்ட்டிவைரஸ்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் இணையதளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அங்கே ஏற்றும் ஃபைலை அந்தச் சேவைக்குப் பணம் கட்டும் மற்றவர்கள் எடுத்துப் பார்க்க முடியும், பையரின் விலைப்பட்டியலோ ஊழியரின் ஆதார் நகலோ அதில் போய்விட்டால் அது தனிப் பிரச்சினை. சிஸ்டம் பார்ப்பவர் மட்டும், அதுவும் ஃபைலை ஏற்றாமல் அதன் ஹேஷை (ஃபைலின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) மட்டும் தேடிப் பார்ப்பது போதும்.

இப்போது எதைத் தேர்ந்தெடுப்பது? நூறு பேருக்குள் என்றால், என் வரிசை: ஃபைல் வகைகளைத் தடுப்பது, தகவல் சொல்ல ஒரு வழி, பிரிவு வாரியாக அரை மணி நேரம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மாதம் போதும், ஊழியர் நேரத்தைத் தவிர வேறு செலவு பெரிதாக இல்லை. தகவல் வழிக்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை, ஒரு தனி மெயில் முகவரியும் ஒரு வாட்ஸ்அப் நம்பரும் இருந்தால் போதும். ஆனால் அனுப்புகிறவருக்கு அரை மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும், "இது நல்ல மெயில்தான், திறக்கலாம்" என்ற பதிலாக இருந்தாலும். இரண்டு தடவை பதில் வராவிட்டால் மூன்றாவது தடவை யாரும் அனுப்ப மாட்டார்கள். சொன்னவரைத் திட்டமாட்டோம் என்பதை முதலாளியே வாயால் சொல்ல வேண்டும், சிஸ்டம் பார்ப்பவர் சொன்னால் எடுபடாது. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: சைபர் சம்பவங்களைத் தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்திருக்கிறது. பணமே போய்விட்டது என்றால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும். இரண்டிலும் கடிகாரம் ஓடும், திறந்தவர் பயந்து ஒரு நாள் மறைத்தால் கதை முடிந்தது.

வங்கி, மருத்துவமனை, வெளிநாட்டு ஒப்பந்தம் உள்ள ஐ.டி. கம்பெனி என்றால் வருடாந்திர வகுப்பையும் போலி மெயில் சோதனையையும் தவிர்க்க முடியாது, வாடிக்கையாளர் கேட்பார். செய்யுங்கள், ஆனால் வகுப்பைக் காகிதத்துக்காகச் செய்கிறோம் என்று உங்களுக்குள்ளாவது ஒப்புக்கொண்டு சுருக்கமாக முடியுங்கள். சோதனையில் யார் விழுந்தார் என்ற பட்டியலைத் தலைமைக்குக் காட்டாதீர்கள். எத்தனை பேர் தகவல் கொடுத்தார்கள், முதல் தகவல் எத்தனை நிமிடத்தில் வந்தது என்ற இரண்டையும் மட்டும் எண்ணுங்கள். சம்பளம், போனஸ், நோய், சாவு இவற்றைத் தூண்டிலாக்க வேண்டாம். போலி இன்வாய்ஸ், போலி கூரியர் சீட்டு, போலி பி.ஓ. இருக்கவே இருக்கின்றன.

சிறு கம்பெனிகளும் ஆறு மாதம் கழித்து இதே இரண்டு எண்ணைப் பார்க்கலாம். தகவல் பெட்டிக்கு வாரம் ஒன்றிரண்டாவது வந்துகொண்டிருந்தால் சந்தா எதுவும் தேவையில்லை, அந்தப் பணத்தில் நெட்வொர்க்கோடு ஒட்டாத ஒரு பேக்கப் டிஸ்க் வாங்குங்கள். பெட்டி காலியாகவே கிடந்தால் மட்டும், கோஃபிஷில் சுலபமான ஒரு போலி பி.ஓ.வைச் செய்து, முன்கூட்டியே எல்லாரிடமும் "இந்த மாதம் ஒரு நாள் வரும்" என்று சொல்லிவிட்டு அனுப்பிப் பாருங்கள்.